ஒரு பெட்டி கொண்டை ஊசி

லெட்டி ஹார்ட்வெல்லுக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் அதற்குக் கொஞ்சம் பால் ஊற்றுவாள். உப்பைச் சிந்தினால் கூட்டி அள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள், 1909ஆம் வருஷத்து ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைப் பகலில், தன் வீட்டுக்கும் பேஸ்பால் மைதானத்துக்கும் நடுவே ஓடும் சந்தில் நடந்துகொண்டே, பத்தடிக்கு ஒன்றாகக் கொண்டை ஊசியைத் தரையில் போட்டுக்கொண்டு போனாள். கடையில் வாங்கிய புதுப் பெட்டி. யாராவது வருகிற சத்தம் கேட்டால் நின்று வானத்தைப் பார்ப்பாள். வானத்தில் பீங்கான் சூளைகளின் புகையைத் தவிர ஒன்றும் இல்லை.

எல்லாம் கஸ் வெண்ட்லிங் என்கிற மனிதனுக்காகத்தான். லெட்டி விதவை. மாடி அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பு நடத்துகிறவள். மூன்று கோடையாக அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான் கஸ். வெல்ஸ்ஃபோர்ட் ஊரின் சம்பள அணியில், ஓடிச் சுற்ற வேண்டிய நாலு மூலைகளில் முதல் மூலையைக் காக்கிற ஆட்டக்காரன். பீங்கான் ஊர் என்பதால் அந்த அணியைக் குயவர் அணி என்பார்கள். கஸ் வாட்டசாட்டமானவன், வாய் அதிகம் பேசாது, கால் அதிகம் ஓடாது. காலையில் ஆப்பிள் பணியாரத்தை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்துக் கொடுப்பான். ஆட்டக்காரர்கள் என்றாலே குடிகாரர்கள் என்று ஊரில் பாதி வீடுகள் கதவைச் சாத்தும். லெட்டியும் முதல் கோடையில் பயந்துகொண்டுதான் அறை கொடுத்தாள். இப்போது அவளுக்கு வேறு பயம்.

அன்று காலைச் சாப்பாட்டில்தான் அந்தப் பயம் வந்தது.

"வீட்டுக்காரம்மா, பெட்டியக் கட்டி வச்சிட்டேன்," என்றான் கஸ். பணியாரம் தொடாமல் இருந்தது.

"எதுக்கு?"

"ரெண்டு வாரமா ஒரு அடி விழல. இன்னைக்கும் அடிக்கலேன்னா சாயந்தர ரயில்ல கிளம்பிடுன்னு மேனேஜர் கிளான்சி சொல்லிட்டாரு. அண்ணன் வேலை பாக்குற சுரங்கத்துல ஆள் எடுக்குறாங்களாம்."

"சுரங்கத்துலயா? நீங்க நிமிந்து நின்னா என் வாசக்கால்லயே தலை இடிக்குது."

"குனிஞ்சுக்க வேண்டியதுதான்." அவன் மேஜைத் துணியைப் பார்த்துப் பேசினான். "கண்ணுல ஒரு கொண்டை ஊசியாவது பட்டா பரவால்ல. ரெண்டு வாரமா ஒண்ணு கூட இல்ல. இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் அப்படி இறுக்கிக் கட்டிக்கிறீங்க."

ஆட்டக்காரர்களின் சாத்திரம் அது. வழியில் கிடக்கிற கொண்டை ஊசி கண்ணில் பட்டு, அதைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அன்று நிச்சயம் ஒரு நல்ல அடி. காசு கொடுத்து வாங்கினது செல்லாது, அடுத்தவர் கொடுத்ததும் செல்லாது. தானாகக் கிடைக்க வேண்டும். இன்னொரு சாத்திரமும் உண்டு. ஜெயித்த மறுநாள் எதையும் மாற்றக் கூடாது. அதே ஆட்கள், அதே வரிசை, அதே சட்டை, அதே காலுறை, துவைக்காமல். ஜூலையில் குயவர் அணி தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே போக, கஸ் தன் காலுறையை லெட்டியிடம் கொடுக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இவர்கள் ஒரு நாளாவது தோற்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது உண்மை.

இப்போது அந்த வேண்டுதலை நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த மனிதன் போய்விட்டால் வீடு வெறிச்சோடிப் போகும். வாடகைக்கு வேறு ஆள் வரலாம். ஆனால் ராத்திரி படியேறும்போது அவள் தூக்கம் கெடக் கூடாதென்று பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற ஆள் வருவானா? அவன் போகக் கூடாது என்று அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஆகவே கடைக்குப் போய்க் கொண்டை ஊசி வாங்கினாள்.

போட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து மாடி ஜன்னலில் நின்றாள். கஸ் கீழே பின்கட்டில் மட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் சந்து வழியாகப் போவான், எடுப்பான், அடிப்பான், பெட்டியைப் பிரிப்பான். அவள் கணக்கு அத்தனை சுலபமாக இருந்தது.

அவள் மறந்த விஷயம் ஒன்று. அன்று மகளிர் நாள். பெண்களுக்கு அனுமதி இலவசம் என்பதால் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள தொப்பிகள் அனைத்தும் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டன. பெரிய தெருவில் குதிரை வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. எதிரணியான லோகன்வில்காரர்கள் ஓட்டலிலேயே உடை மாற்றிக்கொண்டு திறந்த வண்டியில் வருவது வழக்கம். வண்டி நகராது என்று தெரிந்ததும் அத்தனை பேரும் இறங்கிக் குறுக்கு வழி கேட்டு, சந்துக்குள் நுழைந்தார்கள்.

முதல் ஊசியைக் கண்டவன் அவர்களுடைய கேட்சர் டட்டன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவன். குந்திக் குந்தியே கால் வளைந்தவன். சட்டென்று நின்றான், குனிந்தான், ஊசியை முத்தமிட்டுத் தொப்பியில் செருகினான். பத்தடி தள்ளி இன்னொருவன் கத்தினான். அப்புறம் நடந்ததைப் பார்க்க லெட்டிக்கு மனசு தாங்கவில்லை. தானியம் இறைத்த முற்றத்தில் கோழிக் கூட்டம் மாதிரி லோகன்வில் அணி முழுக்கக் குனிந்து குனிந்து கொத்திக்கொண்டு போனது.

"இது என்ன ஊர்டா," என்றான் டட்டன். "பொம்பளைங்க எல்லாம் தலைய விரிச்சுப் போட்டுத்தான் இருப்பாங்க போல."

ஜன்னலைத் திறந்து 'அது என்னுடையது' என்று கத்தலாம். கத்தினால் ஏன் போட்டாய் என்று ஊர் கேட்கும். லெட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சற்று நேரத்தில் கஸ் அதே சந்தில் போனான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே போனான். திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. லெட்டிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

மைதானத்தில் மூன்றாம் மூலைப் பக்கம் முன் வரிசையில் கறிக்கடைக்காரர் மனைவி மினர்வா அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மினர்வா ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். மகளிர் நாளுக்காகக் காத்திருப்பவள் இல்லை. காசு கொடுத்தும் வருவாள், கடையை அப்படியே விட்டுவிட்டும் வருவாள். மடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே குயவர் அணி நொந்துபோனது. லோகன்வில்காரர்கள் தொட்டதெல்லாம் அடியாகப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினாலும் பந்து தேடிவந்து பட்டது. கடைசி வரிசையில் மட்டை பிடிக்கிற அவர்களுடைய பந்து வீச்சாளன், வருஷத்துக்கு இரண்டு தடவை அடிக்கிறவன், அன்று ஒரே நாளில் மூன்று அடி அடித்தான். அடித்துவிட்டுத் தொப்பியில் செருகிய ஊசியைத் தொட்டுக் கும்பிட்டான்.

"என்னடி இது, அத்தனை பேரு தொப்பியிலயும் கொண்டை ஊசி," என்றாள் மினர்வா. "வெயில்ல மின்னுது பாரு. எல்லாம் ஒரே மாதிரி வேற இருக்கு."

லெட்டி தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மினர்வா கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி லெட்டி, உன் மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"சந்துல போட்டேன். கஸ்ஸுக்காக. இவங்க முன்னாடி வந்துட்டாங்க."

"எத்தனை போட்ட?"

"பெட்டி முழுக்க."

மினர்வா சிரித்த சிரிப்பில் கடலைப் பொட்டலம் கவிழ்ந்தது. "அடிப்பாவி. அப்போ இன்னைக்கு இந்த ஊரைத் தோக்கடிக்கிறது நீதானா? கிளான்சிக்குத் தெரிஞ்சா உன்னைத்தான் முதல்ல ரயிலேத்துவாரு."

சிரிப்பு அடங்கின பிறகு அவள் லெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் போயிடுவான்னு பயமா?" என்று கேட்டாள். லெட்டி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதை ஒத்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி கூட இருந்தது.

கஸ் மூன்று முறை மட்டை பிடித்தான். மூன்று முறையும் அடிக்காமல் திரும்பினான். மட்டை பிடிக்கப் போகும்போதும் தரையைப் பார்த்துக்கொண்டே போனான், திரும்பும்போதும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். பின்வரிசையிலிருந்து சூளைத் தொழிலாளி ஒருவன், "கஸ், நாணயம் ஏதாவது தொலைச்சிட்டியா? நாங்களும் வந்து தேடவா?" என்று கத்த, கூட்டம் சிரித்தது. லெட்டிக்கு அந்த ஆளின் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது.

ஆனாலும் ஆட்டம் கையை விட்டுப் போய்விடவில்லை. குயவர் அணிக்காரர்களும் உள்ளூர் மானத்துக்காகப் பல்லைக் கடித்து ஆடினார்கள். கடைசிச் சுற்று வந்தபோது லோகன்வில் ஒன்பது ஓட்டம், வெல்ஸ்ஃபோர்ட் எட்டு. குயவர் அணியில் இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் மூலையில் ஒருவன், மூன்றாம் மூலையில் ஒருவன் ஓடக் காத்திருந்தார்கள். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் கஸ். மாற்று ஆளாக இருந்தவன் கணுக்கால் வீங்கிப் பெஞ்சில் கிடந்தான். கிளான்சி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

கஸ் பெஞ்சிலிருந்து எழுந்து, தலை குனிந்தபடி, முன் வரிசையை ஒட்டி வந்துகொண்டிருந்தான். லெட்டி ஒரு முடிவுக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். தலையில் கை வைத்துத் தன் சொந்தக் கறுப்பு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வீசினாள். அவை காற்றுக்குத் தாங்காமல் அவள் காலடியிலேயே விழுந்தன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளி ஊசி. கல்யாணத்துக்கு வந்தது, கனமானது, கொண்டை முழுக்க அதில்தான் நின்றது.

"அதையும் எடுத்தா முடி மொத்தமும் அவுந்துடுமேடி," என்றாள் மினர்வா.

"அவுந்தா அவுந்துட்டுப் போகுது. உனக்குத்தான் கறிக்கடைக் கை. அவருக்கு முன்னாடி விழுற மாதிரி எறி."

முடி இடுப்பு வரை அவிழ்ந்து விழுந்தது. வெட்டவெளியில், ஊர்ச் சனம் மொத்தமும் பார்க்க. பெண்கள் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. பாதிரியார் மனைவி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு, விசிறி இடுக்கு வழியாக நன்றாகப் பார்த்தாள். மினர்வா எழுந்து நின்று கையை ஓங்கி எறிந்தாள். கறிக்கடைக் கைக்கு அளவு தெரியாது. ஊசி கஸ்ஸைத் தாண்டி, மட்டைக்காரன் நிற்கிற இடத்தையும் தாண்டி, குந்தியிருந்த டட்டனின் வலது காலருகே மண்ணில் விழுந்து பளபளத்தது.

கஸ் அதைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தைக் கேட்டுத் திரும்பியவன் லெட்டியைப் பார்த்தான். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவன் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்தது அப்படியே நின்றது. முதல் பந்து அவனைக் கடந்து போனது அவனுக்குத் தெரியவே இல்லை.

"ஒண்ணு," என்றார் அம்பயர். இருப்பது ஒரே அம்பயர். மூலைகளில் ஓட ஆள் நின்றால் அவர் பந்து வீசுபவனுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார். டட்டனின் காலடியில் கிடந்தது அவருக்குத் தெரியாது.

டட்டனுக்குத் தெரிந்தது. அதுவும் வெள்ளி. தொப்பியில் நாலு கறுப்பு ஊசி இருக்கிற மனிதன் ஒரு வெள்ளி ஊசியை மண்ணில் விட்டு வைப்பானா? இப்போது குனிந்தால் மூன்றாம் மூலையில் நிற்பவன் ஓடிவந்துவிடுவான். ஆட்டம் முடிந்த நொடியில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு எவனாவது எடுத்துவிடுவான். ஒரு கண் பந்தில், ஒரு கண் ஊசியில்.

"கடைசி ஊசியையும் அவனுக்கே குடுத்துட்டோம்," என்று முனகினாள் லெட்டி.

இரண்டாவது பந்துக்கு கஸ் மட்டையைச் சுழற்றினான், காற்றைத்தான் அடித்தான். மூன்றாவது பந்து வந்தது. மறுபடி சுழற்றினான், முழு உடம்பையும் போட்டு, சூளைப் புகை விலகுகிற அளவுக்கு. படவில்லை. லெட்டி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஆட்டம் அவ்வளவுதான். மூன்று தவறவிட்டால் அவுட், அவுட் என்றால் ரயில்.

"ஓடுடா," என்று மினர்வா காதருகே அலறினாள். "பந்தைப் பிடிக்கலடா, ஓடு."

மூன்றாவது பந்தைப் பின்னால் இருப்பவன் பிடித்தால்தான் அவுட். தவறவிட்டால் மட்டைக்காரன் முதல் மூலைக்கு ஓடலாம். டட்டன் ஆயிரம் தடவை பிடித்த பந்துதான் அது. ஆனால் மட்டை காற்றில் போன சத்தம் கேட்டதுமே ஆட்டம் முடிந்தது என்று அவன் வலது கை முடிவு செய்துவிட்டது. ஒரு கண் இமைப்பு முன்னதாகவே ஊசிக்குத் தாழ்ந்தது. தோளும் கூடவே சாய்ந்தது. பந்து கையுறையின் விளிம்பில் பட்டுத் தெறித்துப் பின்னால் இருந்த தடுப்புப் பலகைக்கு உருண்டது. டட்டன் நிமிர்ந்தபோது அவன் கையில் ஊசி இருந்தது, பந்து இல்லை.

கஸ் ஓடினான். அவன் ஓடுவதை அந்த ஊர் பார்த்ததில்லை. மூட்டை மூட்டையாகப் பீங்கான் ஏற்றின வண்டி பள்ளத்தில் இறங்குவது போல ஓடினான். மூன்றாம் மூலையில் இருந்தவன், மட்டைக்காரன் கிளம்புகிற வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தான். இரண்டாம் மூலையில் இருந்தவனும் மூன்றாம் மூலையைச் சுற்றி அவன் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஆனால் கஸ் முதல் மூலையைத் தொடாவிட்டால் இரண்டு ஓட்டமும் வீண். டட்டன் பந்தைத் துரத்திப் பிடித்து, ஊசியை விடாமலே எறிந்தான். பந்து கொஞ்சம் உயரப் போயிற்று. கஸ் வயிறு தரையில் தேய விழுந்து, மூலைக்கு அடையாளமாகக் கிடந்த கோணிப்பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். அம்பயர் அவுட் இல்லை என்று இரண்டு கைகளையும் விரித்தார்.

பத்துக்கு ஒன்பது. வெல்ஸ்ஃபோர்ட் ஜெயித்தது. சூளைத் தொழிலாளிகள் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். நாணயம் தேட வரவா என்று கேட்டவன்தான் முதல் ஆளாக கஸ்ஸைத் தோளில் தூக்கப் பார்த்தான். தூக்க முடியாமல் அவனோடு சேர்ந்து விழுந்தான்.

லெட்டி தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது கிளான்சியும் கஸ்ஸும் கம்பி அருகே வந்துவிட்டார்கள்.

"நான் அடிக்கச் சொன்னேன், இவன் அடிக்கல," என்றார் கிளான்சி. "சொன்னா சொன்னதுதான்."

லெட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஜெயிச்சுத் தொலைச்சிட்டோமே. ஜெயிச்ச அன்னைக்கு ஆளை மாத்தினா உருப்படுமா? டேய் கஸ், பெட்டியைப் பிரி. தோக்குற வரைக்கும் நீ இங்கதான்." பிறகு அவர் தொப்பியைக் கழற்றி லெட்டியைப் பார்த்தார். "அம்மணி, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திங்கக்கிழமை ஆட்டத்துக்கு இதே இடத்துல, இதே மாதிரி முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு உட்காரணும். ஒரு ஊசி கூட வைக்கக் கூடாது."

"நல்லா இருக்கே," என்றாள் மினர்வா. "ஊர் சிரிக்கவா?"

கிளான்சி போய்விட்டார். கஸ் நின்றான். அவன் தொப்பி கையில் இருந்தது. தொப்பி நிறையக் கொண்டை ஊசிகள். தோற்ற கோபத்தில் லோகன்வில்காரர்கள் தங்கள் பெஞ்சடியில் வீசிவிட்டுப் போனவை. டட்டன் எறிந்த வெள்ளி ஊசியும் மேலே கிடந்தது. தரையில் கிடந்து, கண்ணில் பட்டு, அவனே குனிந்து எடுத்தவை. சாத்திரப்படி அத்தனையும் செல்லும். ஒரு ஆட்டக்காரனுக்கு அது பருவம் முடியும் வரைக்குமான அடி.

"எல்லாம் புதுசு. ஒரே பெட்டி," என்றான். "சந்துல போட்டது நீங்கதானே?"

"நானேதான்."

அவன் வெள்ளி ஊசியை எடுத்து அவள் கையில் வைத்தான். பிறகு தொப்பியை அப்படியே அவள் மடியில் கவிழ்த்தான். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"கிளான்சி சொன்னாருன்னு விரிச்சுப் போட வேணாம்," என்றான். "கட்டிக்கோ, லெட்டி."

மூன்று கோடையாக வீட்டுக்காரம்மா என்று கூப்பிட்ட வாய் அது. லெட்டி முடியை அள்ளி முடிந்தாள். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றது. மினர்வா கடலைப் பொட்டலத்தின் அடியில் எதையோ வெகு நேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

சாயந்தர ரயில் ஊதிக்கொண்டு போனபோது லெட்டி அடுப்படியில் இருந்தாள். மாடியிலிருந்து கஸ் இறங்கிவந்து, துவைக்கிற தொட்டி ஓரமாக எதையோ வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனான். அவன் காலுறை. அன்று ஆட்டத்தில் போட்டிருந்தது. ஜெயித்த அன்றைக்கு.

அவள் அதைக் கையில் எடுத்தாள். வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, சோப்பும் பக்கத்திலேயே இருந்தது. சகுனத்தில் நம்பிக்கை இல்லாத பெண், 'தோக்குற வரைக்கும் நீ இங்கதான்' என்று கிளான்சி சொன்னதை நினைத்துக்கொண்டாள். பிறகு படியேறிப் போய், காலுறையைத் துவைக்காமல் அவன் அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள்.